வலீ இல்லாதார்க்கு வலீ

கடத்தூர் போன்ற சிற்றூர்களில் நிக்காஹ் நடைபெறுவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். பெண்ணின் வலீ அமர்ந்திருப்பார். சாட்சிகள் இருவர் அருகிலிருப்பர். மஹர் இன்னதென்று சபையறியக் கூறப்படும். ஈஜாபும் கபூலும் முடிந்தபின் ஜமாஅத்தின் பதிவேட்டில் கையொப்பங்கள் விழும். அச்சபையில் அரசாங்கத்திற்குரிய இடம் யாது? இவ்வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

தருமபுரி 1965-இல் தனி மாவட்டமாகும் வரை கடத்தூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சேலம், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. அக்காலத்தில் காஜிகளை நியமித்து வந்த ஆங்கில அரசு, 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டத்தால் அப்பொறுப்பைக் கைகழுவிற்று. ஆனால், அரசு நியமனம் பெற்ற காஜி வந்திருந்து நிக்காஹை நடத்துவதே பல இடங்களில் முஸ்லிம்களின் வழக்கமாயிருந்தது. எனவே 1880-இல் சர் சையித் அகமது கான் அவர்கள் வைசிராயின் சட்டமன்றத்தில் கொணர்ந்த மசோதா, காஜிகள் சட்டமாயிற்று. முதற்கண் அது நடைமுறைக்கு வந்தது நம் சென்னை மாகாணத்திலேதான்.

நான்கே பிரிவுகள் கொண்டது அச்சட்டம். ஒரு பகுதியில் வாழும் முஸ்லிம்களில் கணிசமானோர் விரும்பினால், அங்குள்ள முக்கியஸ்தர்களைக் கலந்து அரசு காஜியை நியமிக்கலாம். ஆயினும் அந்நியமனத்தால் அவருக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வந்துவிடாது. அவர் வந்தால்தான் நிக்காஹ் செல்லும் என்பதில்லை. அப்பணியைப் பிறர் செய்யத் தடையுமில்லை. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம், தலைமை காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்தேயன்றி நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று கூறியதும் இவ்வடிப்படையிலேதான்.

இந்த அடக்கம் நம் ஃபிக்ஹுக்கு இசைந்ததே. நிக்காஹை நிறைவேற்றுவது மணமக்களின் சம்மதமும் உடன்படிக்கையுமே, அரசனின் முத்திரையன்று. மஹருக்கு வரம்பு கட்ட முனைந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண்மணி எழுந்து திருமறையைச் சுட்டிக்காட்டவே, தம் கருத்தைக் கைவிட்டார்கள் என்று கூறப்படும் நிகழ்ச்சி நாமறிந்ததே. வல்லமை மிக்க ஆட்சிக்கும் இல்லறத்தின் வாயிலில் ஓர் எல்லையுண்டு.

அங்ஙனமாயின் அரசு வெளியே நின்றுவிட வேண்டியதுதானா? இல்லை. வலீ இல்லாதவளுக்கு ஆட்சியாளரே வலீ என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கூற்று. யாருமற்றவள் வரும்போது அரசு ஒதுங்கி நிற்றலாகாது.

இதற்கு 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் சான்று. கணவன் காணாமற்போனால், ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி மனைவி ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் காத்திருக்க நேர்ந்தது. விடுதலைக்கு வழி காணாத பெண்கள் சிலர் பஞ்சாபில் மார்க்கத்தையே துறந்தனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் மனம் வருந்தி, மாலிகீ உலமாக்களைக் கலந்து, நான்காண்டுத் தவணையை ஏற்கும் தீர்வை நூலாக வெளியிட்டார்கள். அவ்வழியில் பிறந்த இச்சட்டம், நான்காண்டு தகவலில்லாத கணவனிடமிருந்தும், ஈராண்டு ஜீவனாம்சம் தராதவனிடமிருந்தும் நீதிமன்றத்தின் மூலம் விடுதலை பெறப் பெண்ணுக்கு உரிமை தந்தது. விசாரிக்கும் நீதிபதி முஸ்லிமாயிருக்க வேண்டும் என்ற விதி மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது உலமாக்களுக்கு வருத்தமே. ஆயினும் வாசல் திறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விதவைச் சகோதரி தம் நிக்காஹ் பதிவின் நகலுக்காக ஒரு ஜமாஅத்தின் வாயிலில் காத்திருந்ததை நாம் கண்டோம். பழைய பதிவேடு கரையானுக்கு இரையாகியிருந்தது. அவர்தம் இல்வாழ்க்கைக்கு ஊரே சாட்சி. ஆனால் அதிகாரியிடம் காட்ட ஒரு தாள் இல்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டம், எம்மதத்தவர் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும் என்கிறது. கடனையே எழுதிவைக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. அதனினும் உறுதியான இவ்வுடன்படிக்கையை எழுதிவைக்க நாம் தயங்குவானேன்?

ஆகவே நிக்காஹ் சபையில் அரசாங்கத்திற்கு மணமேடையில் இடமில்லை. சாட்சிகளின் வரிசையில் உண்டு. வலீயின் இருக்கை வெறுமையாயிருக்கும் அன்று, அவ்விருக்கையிலும் உண்டு. அது வெறுமையாகாமற் காப்பது நம் ஜமாஅத்துக்களின் கடமை.