ராயபுரம் டு கும்மிடிப்பூண்டி... பழைய ஸ்டேஷன் வரைபடங்கள் என்ன சொல்லுது தெரியுமா?

பீச் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு சிப்காட் வேலைக்குப் போறவங்களா நீங்க? அப்போ தினமும் ஒரு வரலாற்றைத் தாண்டித்தான் போறீங்க. 1856 ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். திருவள்ளூர் வழியா வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் பயணம். இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்ல மிகப் பழமையானதும் ராயபுரம்தான்.

இதை வடிவமைச்சவர் வில்லியம் அடெல்பி டிரேசி. திறந்த புதுசுல ஸ்டேஷன் எப்படி இருந்துச்சுனு இன்னிக்கும் பார்க்க முடியும். அதே 1856-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை, அதன் உள்தோற்றத்தையும் வெளித்தோற்றத்தையும் படங்களா அச்சிட்டிருக்கு.

ஒரு கட்டடம்... மூணு படம்

பத்திரிகைப் படம் நாம ரசிக்கிறதுக்கு. கட்டுறவங்களுக்கான வரைபடம் வேற. அதுல முக்கியமா மூணு வகை உண்டு.

பிளான்: கூரையைக் கழட்டிட்டு மேலிருந்து பார்க்கிற மாதிரி. முதல் வகுப்புக்கு எவ்வளவு இடம், மூணாம் வகுப்புக்கு எவ்வளவு, பெண்களுக்குத் தனி அறை உண்டானு இதுலயே தெரிஞ்சுடும். அந்தக் காலத்து சமூகமே அதுல இருக்கும்.

எலிவேஷன்: கட்டடத்துக்கு நேரெதிரே நின்னு பார்க்கிற முகப்பு. தூண், வளைவு, ஜன்னல் எல்லாம் அளவோட இருக்கும்.

செக்‌ஷன்: கேக் வெட்டின மாதிரி குறுக்கே வெட்டிக் காட்டுறது. சுவரோட கனம், கூரையைத் தாங்குற சட்டம் எல்லாம் வெளியே தெரியும்.

19-ம் நூற்றாண்டுப் படங்கள்ல நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. பொதுவா செங்கல்லுக்குச் சிவப்பு, இரும்புக்கு நீலம், மரத்துக்கு மஞ்சள் அல்லது பழுப்பு.

'புளூபிரின்ட்'னு சொல்றோமே, அந்த நீலம் வேற கதை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச சயனோடைப் முறையில, வெயில் பட்ட தாள் நீலமாகும். கோடு இருக்கிற இடம் மட்டும் வெள்ளையா நிற்கும். அந்தக் காலத்து ஜெராக்ஸ்!

ஒரு படம் போதாது

சென்ட்ரல் ஸ்டேஷனையே எடுத்துக்கோங்க. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைச்சு 1873-ல் திறந்தாங்க. அப்புறம் ராபர்ட் சிஸோம் அதை மாத்தி அமைச்சார். 1900-ல்தான் முழுசா முடிஞ்சது. அதனால ஹார்டிங்கோட வரைபடத்தை மட்டும் வெச்சுக்கிட்டு இன்றைய சென்ட்ரலைப் புரிஞ்சுக்க முடியாது. எந்தப் பகுதி எப்போ வந்ததுனு சொல்ல, ஒவ்வொரு கட்டத்து வரைபடமும் வேணும்.

இப்போ ஏன் இது முக்கியம்?

எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறந்தது. ஹென்றி இர்வின் வடிவமைப்பு. இப்போ அங்கே பெரிய அளவுல மறுசீரமைப்பு வேலை நடக்குது. 'அம்ரித் பாரத்' திட்டத்துல திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் இருக்கு. லிஃப்ட், சாய்வுப்பாதை, நல்ல டாய்லெட் எல்லாம் கண்டிப்பா வேணும். அதே நேரத்துல, எது பழைய சுவர், எது பின்னாடி ஒட்டுனது, எந்த ஜன்னலை எப்போ அடைச்சாங்கனு தெரியாம இடிச்சா, போனது போனதுதான். பழைய வரைபடம் கையில இருந்தா, போன வளைவைக்கூடத் திரும்பக் கட்டலாம்.

வரைபடம் கிடைக்கலைன்னா? நிற்கிற கட்டடத்தையே டேப் பிடிச்சு அளந்து புதுசா வரையலாம். கட்டடக்கலை மாணவர்கள் செய்யுற வேலைதான் இது. எழும்பூர், சென்ட்ரல் மாதிரி பெரிய ஸ்டேஷன்களைப் பத்தி எழுத ஆள் இருக்கு. சின்ன ஊர் ஸ்டேஷன்களுக்குத்தான் யாரும் இல்லை.

உங்க போனும் இதுக்கு உதவும். உங்க ஊர் ஸ்டேஷனோட முகப்பை நேரெதிரே நின்னு ஒரு படம் எடுங்க. பழைய தூண், மர வளைவு, இரும்புத் தாங்கிகளைக் கிட்டப் போய் எடுங்க. அளவு தெரிய பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க. தேதியோட சேமிச்சு வைங்க. நாளைக்கு யாராவது அந்த ஸ்டேஷனை வரைய உட்கார்ந்தா, அவங்களுக்கு முதல் ஆதாரம் அதுதான்!