மரண அறிவித்தலும் மரணப் பதிவும்: கொழும்புத் தமிழரின் குடும்ப வரலாற்றுக்கு இரு சான்றுகள்

ஈழத்துத் தமிழரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் அரசியல் வரலாறாகவும் இலக்கிய வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசர், குருமார், புலவர், சட்டசபை உறுப்பினர் ஆகியோர் பற்றிய செய்திகளைத் தேடித் தொகுத்த அறிஞர்கள், இலிகிதராகவும் ஆசிரியராகவும் கடைக்காரராகவும் துறைமுகத் தொழிலாளராகவும் வாழ்ந்து மறைந்த பல்லாயிரக்கணக்கானோரின் குடும்பங்களைப் பற்றி அதிகம் ஆராய்ந்தாரல்லர். அத்தகைய குடும்பங்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை, பட்டயம் இல்லை. அவர்களுட் பலர் எழுத்தில் முழுமையாக இடம்பெற்ற சந்தர்ப்பம் அவர்களுடைய மரணம் ஒன்றேயாகும். அச்சந்தர்ப்பத்தில் அரசாங்கம் ஒரு பதிவை எழுதியது. குடும்பத்தார் ஓர் அறிவித்தலை வெளியிட்டனர். இவ்விரு சான்றுகளும் எவ்வாறு தோன்றின, எவற்றைக் கூறுகின்றன, எவற்றைக் கூறாது விடுகின்றன என்பவற்றைக் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேட்டின் வரலாறு

இறந்தோரின் பெயர்களை ஒழுங்காகப் பதியும் வழக்கம் ஐரோப்பாவிலே திருச்சபையோடு தொடங்கியது. 1614 இல் வெளியிடப்பட்ட உரோமச் சடங்கு நூல், இறந்தோருக்கெனத் தனிப் பதிவேடு வைக்குமாறு பங்குக் குருமாரைப் பணித்தது. பிரான்சு 1792 இலும் இங்கிலாந்து 1837 இலும் இப்பணியை அரசாங்கத்தின் கடமையாக்கின. இலங்கையிலும் இதே வரிசையைக் காணலாம். ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்புகள் ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைக் குடும்பம் குடும்பமாகக் குறித்தன. கொட்டாஞ்சேனையை அடுத்து 1749 இல் தொடங்கி 1757 இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயமும், பின்னர் வந்த கத்தோலிக்க, அங்கிலிக்கன் ஆலயங்களும் தத்தம் சபையாரின் பதிவுகளைப் பேணின. ஆகவே கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர், கொழும்புச் செட்டிமார் போன்றோரின் முன்னோரைத் தேடுவோருக்குப் பங்குக் கோவிலின் பதிவேடே முதலிற் பார்க்க வேண்டியதாகும்.

சைவர்களின் நிலை வேறு. பிணத்தைத் தகனஞ் செய்து சாம்பரை நீரிற் கரைக்கும் வழக்கமுடையோருக்குக் கல்லறை எழுத்துக்கள் எஞ்சுவதில்லை. ஒல்லாந்தரின் கல்லறை வாசகங்களை லுடோவிசி என்பார் 1877 இலும், பெரும்பாலும் ஐரோப்பியருக்குரிய கல்லறை வாசகங்களை ஜே. பி. லூயிஸ் 1913 இலும் நூலாகத் தொகுத்தனர். இதற்கு ஒப்பானதொரு தொகுப்பைச் சைவத் தமிழருக்குச் செய்ய முயலினும் செய்தல் அரிது. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த கொட்டாஞ்சேனைச் சைவக் குடும்பங்களின் இறப்புகளை, 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பிறப்பு, இறப்புப் பதிவைச் சமய வேறுபாடின்றி யாவர்க்கும் விதித்ததன் பின்னரே தொடர்ச்சியாக அறிய முடிகின்றது. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமாகும்.

இப்பதிவு முறையைச் சீர்செய்து அறிவியல் அடிப்படையில் அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்கோயிலை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் மகனான சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1880களின் பிற்பகுதியிற் பதிவாளர் நாயகமாகப் பொறுப்பேற்றுத் திணைக்களத்தைத் திருத்தியமைத்தார். 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பையும் அவரே நடாத்தினார்.

மரணப் பதிவிலே இறந்த திகதி, இடம், பெயர், பால், இனம், வயது, தொழில், பெற்றோர் பெயர், மரணகாரணம், அடக்கஞ் செய்த அல்லது தகனஞ் செய்த இடம், தகவல் கொடுத்தவரின் பெயர் ஆகியன இடம்பெறும். சட்டமுறையான சான்று என்ற வகையில் இதற்கு மேலானது பிறிதில்லை. ஆயினும் இதனைத் தேடுவோர் ஓர் அடிப்படையை மறத்தலாகாது. மரணம் நிகழ்ந்த இடமே பதிவுக்குரிய இடமாகும். பிறந்த ஊரோ, வாழ்ந்த வீடோ, எரியூட்டிய மயானமோ அன்று. வெள்ளவத்தையில் வாழ்ந்த ஒருவர் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இறந்தால், ஆஸ்பத்திரி அமைந்த பிரிவிலேயே பதிவு இருக்கும். புகையிரதத்தில் உடல் கொண்டு செல்லப்பட்டு யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் எரியூட்டப்பட்டவரின் மரணத்தை அக்கிராமத்துப் பதிவேட்டில் எத்துணை தேடினும் காணமுடியாது. பதிவாளர் நாயகமாயிருந்த அருணாசலமே 1924 இல் மதுரையிற் காலமானார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அறிவித்தலின் அமைப்பு

பதிவேடு தனிமனிதனை மட்டுமே காட்டும். அவனைச் சுற்றத்தோடு சேர்த்துக் காட்டுவது மரண அறிவித்தலாகும். 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் கொழும்பில் நாளேடுகளாகத் தோன்றிய பின்னர், மரண அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளின் நிலையான பகுதிகளுள் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்திலே ஈழநாடு, பின்னர் உதயன் ஆகியனவும் இதற்கு இடமளித்தன. அச்சேடு எட்டாத கிராமங்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை இச்செய்தியைக் கொண்டு சென்றது. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும் வேளையில் வீட்டார் யாவரும் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்தமை ஒரு தலைமுறையினரின் பொது அனுபவமாகும். ஒலிபரப்பில் வந்தவை காற்றோடு போயின. அச்சில் வந்தவையே ஆய்வாளனுக்கு எஞ்சியுள்ளன.

அறிவித்தலின் வாய்பாடு ஏறத்தாழ மாறாதது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவுங் கொண்ட இன்னார் இன்ன நாளிற் காலமானார் எனத் தொடங்கும். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னின்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், சகோதரரும், மைத்துனரும், பேரனும் ஆவார் என விரியும். கிரியை நிகழும் வீடும், கனத்தை, கல்கிசை, மாதம்பிட்டி என மயானத்தின் பெயரும் நேரமுங் கூறி, உற்றார் உறவினர் நண்பர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டி முடியும்.

இவ்வாய்பாட்டைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடலாகாது. மகன், மருமகன், மைத்துனன், சகலன் என்னும் வரிசை ஒரு கொண்டு கொடுத்தல் உறவின் வரைபடமாகும். குடும்பப் பெயர் என ஒன்று நிலைத்து வராது, தந்தை பெயரின் முதலெழுத்தே தலைமுறைதோறும் மாறிவரும் சமூகத்தில், மூன்று நான்கு தலைமுறைகளை ஒரே இடத்திற் பிணைத்துக் காட்டும் எழுத்து வேறு இலகுவிற் கிடைப்பதில்லை. “காலஞ்சென்ற” என்னும் அடை பெற்றோர் முன்னரே இறந்துவிட்டனர் என்பதை அறிவித்து, அவர்களுடைய மரணத்துக்கு ஒரு கால எல்லையைத் தருகின்றது. “சிவபதமடைந்தார்”, “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்னும் தொடர்கள் சமயத்தைக் காட்டுகின்றன. “இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர்” என்பது போன்ற குறிப்புகள், அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு யாழ்ப்பாணத்தார் தெற்கே வந்து வெள்ளவத்தையிற் குடியமர்ந்த வரலாற்றை ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லுகின்றன. 1983 இற்குப் பின்னர் பிள்ளைகளின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் கனடா, இலண்டன், சுவிற்சர்லாந்து என ஊர்ப்பெயர்கள் பெருகியமை புலப்பெயர்வுக்கு மறுக்கவியலாத சான்றாகும்.

கல்வெட்டும் திதி வெண்பாவும்

அறிவித்தலின் விரிவாக்கமாக அமைவது கல்வெட்டு என வழங்கும் நினைவு மலராகும். முப்பத்தோராம் நாட் கிரியையையொட்டி வந்தோர்க்கு வழங்கப்படும் இச்சிறு நூலில், இறந்தவரின் வரலாறு, வம்சாவழி, சுற்றத்தார் புலம்பல், தேவாரத் திருமுறைகள் ஆகியவற்றோடு திதி வெண்பா ஒன்றும் அச்சிடப்படும். ஆண்டுத் திவசம் திதியைக் கொண்டே செய்யப்படுவதால் வருடம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை மறவாதபடி செய்யுளில் அமைத்தனர்.

ஆய்வாளன் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவன. பிரபவ வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1927 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1987 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். மேலும், அவ்வருடத்துத் தை மாதத்தில் இறந்தவர் ஆங்கிலக் கணக்கில் 1928 இல் அல்லது 1988 இல் இறந்தவராவார். நள்ளிரவின் பின்னரும் சூரியோதயத்தின் முன்னரும் நிகழ்ந்த மரணத்தைக் குடும்பத்தார் முதல்நாட் கணக்கிலும் பதிவாளர் மறுநாட் கணக்கிலும் எழுதியிருக்கக்கூடும். இத்தகைய ஐயங்களைப் பதிவேடு தீர்த்துவைக்கும். மறுதலையாக, பதிவைத் தேடுவதற்கு வேண்டிய திகதியையும் இடத்தையும் பெரும்பாலும் அறிவித்தலே தருகின்றது. எனவே கல்வெட்டு, பத்திரிகை அறிவித்தல், மரணப் பதிவு என்ற வரிசையிற் செல்வது பயன்தரும் முறை எனலாம். பழைய பத்திரிகைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பார்வையிடலாம். பதிவின் பிரதியைப் பிரதேச செயலகம் வாயிலாகப் பெறலாம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பழைய பத்திரிகைகளோடு நினைவு மலர்களையும் சேகரித்து எவரும் வாசிக்கத்தக்கதாக வைத்துள்ளது.

சான்றுகளின் மௌனம்

இவ்விரு சான்றுகளும் அனைவரையுஞ் சமமாக உள்ளடக்கவில்லை. அறிவித்தலுக்குப் பணம் வேண்டும். பத்திரிகையின் பக்கங்களில் வெள்ளவத்தையின் உத்தியோகத்தர் குடும்பங்கள் நிறைந்திருக்க, கொட்டாஞ்சேனையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்கள் எனப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளிலும் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளரும் நகரசுத்தித் தொழிலாளரும் அரிதாகவே தோன்றுகின்றனர். உறவு வரிசையிலும் விடுபாடுகள் உண்டு. குடும்பத்தார் ஏற்றுக்கொள்ளாத விவாகஞ் செய்த பிள்ளையின் பெயர் இல்லாதிருக்கலாம். சாதி வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. ஊர்ப்பெயர்களும் சம்பந்த உறவுகளும் அதனை மறைமுகமாக உணர்த்துகின்றன. பெண்கள் பல அறிவித்தல்களில் இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே நின்றுவிட, அவர்களுடைய சொந்தப் பெயரையும் தந்தை பெயரையும் மரணப் பதிவே காப்பாற்றித் தருகின்றது.

இம்மௌனங்கள் ஆய்வாளனுக்கு மட்டும் இடையூறானவையல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15 இற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிமுறைப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும் என விதித்தது. இந்திய வம்சாவழித் தொழிலாளரிடம் அன்று கேட்கப்பட்டது உண்மையிற் குடும்ப வரலாறேயாகும். பதிவு முறை தோன்றுமுன்னர் பிறந்த பூட்டனுக்கு எழுத்துச் சான்று காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். வம்சாவழியை விளக்கும் கடதாசி ஒரு சாராருக்குப் பெருமைக்குரிய பொருளாயிருந்த காலத்தில், வேறொரு சாராருக்கு அது வாழ்வுரிமையாயிருந்தது.

பிற்காலத்திற் பதிவேடே வேறொரு வகையில் வினாவுக்குள்ளாயிற்று. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், குழப்பங்களிற் காணாமற்போய் ஓராண்டுக்கு மேலாகியும் செய்தி கிடைக்காதோரின் மரணத்தைப் பதிய வழிசெய்தது. தம் பிள்ளை இறந்தான் என எழுதிக் கையொப்பமிடப் பல தாய்மார் மறுத்தனர். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணப்படாமைக்கான சான்றிதழை ஏற்படுத்தியது. மரணப் பதிவு என்பது வெறும் தகவலன்று, உண்மையொன்றைக் குடும்பத்தாரும் அரசும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதல் என்பதை இம்மறுப்பு உணர்த்துகின்றது. அறிவித்தலும் பதிவும் ஒருங்கே இல்லாதவிடத்து, குடும்ப வரலாற்றில் அவ்விடம் வெறுமையாக விடப்படுவதே நேர்மையாகும்.

பேணலின் அவசியம்

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஈழநாடு பணிமனையும் எரிந்தது. 1983 யூலை 24 இல் கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்செயல் வெள்ளவத்தையையுங் கொட்டாஞ்சேனையையும் விட்டுவைக்கவில்லை. வாக்காளர் பட்டியல்களைக் கையிற்கொண்டு கும்பல்கள் தமிழரின் வீடுகளைத் தேடின எனப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வீடுகளில் எரிந்தவற்றுள் உறுதிகள், சாதகங்கள், புகைப்படங்கள், கல்வெட்டுகள் ஆகியனவும் அடங்கும். வேறிடங்களிற் சிதறியிருந்த பிரதிகளே பின்னர் பல குடும்பங்களுக்குத் துணையாயின. கிரியைக்கு வந்த உறவினர் கொண்டுசென்ற கல்வெட்டு, தூரத்துச் சுற்றத்தார் வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு, அரச களரியிலுள்ள பதிவின் இரண்டாம் பிரதி என்பன அத்தகையன.

ஆதலால் இச்சான்றுகளைப் பேணுதல் தனிக் குடும்பங்களின் விருப்பத்துக்கு மட்டும் விடப்படத்தக்கதன்று. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் குடும்பங்களிடமுள்ள நினைவு மலர்களைத் திரட்டி அட்டவணைப்படுத்துதல், பழைய நாளேடுகளின் மரண அறிவித்தல்களுக்குப் பெயரகராதி அமைத்தல், அறிவித்தல் வெளியிட வசதியற்றிருந்த குடும்பங்களின் முதியோரிடம் வாய்மொழிச் செய்திகளைக் கேட்டு எழுதுதல் ஆகிய மூன்றும் பல்கலைக்கழக மாணவரால் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். இவற்றுள் மூன்றாவதே விரைவில் தொடங்கப்பட வேண்டியது. ஏனெனில் முன்னைய இரண்டுக்கும் ஆதாரங்கள் கடதாசியில் உள்ளன. மூன்றாவதற்குரிய ஆதாரங்கள் முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன.