செகின் பலகைக்கு இரண்டு வாழ்க்கை

மரப்பலகை ஒன்று. அதில் வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், கூட்டல் குறி என்று பத்து வடிவத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். அதே வடிவத்தில் பத்து கட்டைகள். எதை எதில் வைப்பது என்பதுதான் வேலை. பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது என்று மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போன பெற்றோர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் செகின் ஃபார்ம் போர்டு. மூன்று தடவை செய்யச் சொல்வார்கள், ஸ்டாப்வாட்ச் ஓடும். மூன்றில் குறைந்த நேரத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, பிள்ளையின் மன வயது இவ்வளவு என்பார்கள்.

இதே குடும்பத்துப் பலகைகள் மாண்டிசோரி வகுப்பிலும் உண்டு. அங்கே ஸ்டாப்வாட்ச் கிடையாது. பிள்ளை பாயை விரித்து, ஆசை தீர வைத்துக் கழற்றலாம். தப்பாக வைத்தால் கட்டை உட்காராது, அவ்வளவுதான். டீச்சர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண் பழகும் பலகைக்கு அங்கே பேரே செகின் போர்டுதான்.

ஒரு வரி கோடு விசித்திரமா இருந்தா, இதை யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு பின்னாடி தோண்டிப் போறது எங்க தொழில் வியாதி. அப்படித் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

1800 ஜனவரியில் தெற்கு பிரான்சில் அவெரோன் பகுதியில், காட்டில் திரிந்த பதினோரு பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். பேச்சு இல்லை. பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அக்காலத்தின் பெரிய மருத்துவரான பினெல், இவன் பிறவியிலேயே அறிவு குறைந்தவன், சொல்லித்தந்து பயனில்லை என்று முடிவு கட்டினார். காதுகேளாதோர் பள்ளியில் மருத்துவராக இருந்த ழான் இத்தார் அதை ஏற்கவில்லை. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்தான். பையனுக்கு விக்டர் என்று பேர் வைத்து ஐந்தாறு வருஷம் உழைத்தார். கூடவே மதாம் கெரேன் என்ற அம்மா அவனைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். வரலாற்றில் அவர் பேர் ஓரமாகத்தான் வருகிறது. என் கணக்கில் பாதி வேலை அவருடையது.

இத்தார் செய்த பொருள்கள் எளிமையானவை: பலகையில் ஒட்டிய வண்ணக் காகித வடிவங்கள், வெட்டி எடுத்த எழுத்துகள். பாலுக்கு பிரெஞ்சில் நாலு எழுத்து. அந்த நாலையும் அடுக்கினால் பால் கிடைக்கும் என்று பழக்கினார். ஒரு நாள் வழக்கமாகப் பால் கிடைக்கும் வீட்டுக்குக் கிளம்பும்போது விக்டர் அந்த நாலு எழுத்தையும் தானே எடுத்துக்கொண்டான். அங்கே போய் மேஜையில் அடுக்கிவைத்தான். யாரும் சொல்லவில்லை. விக்டர் கடைசிவரை சரியாகப் பேசவில்லை; இத்தாரும் தான் தோற்றதாகவே நினைத்தார். எனக்கென்னவோ அந்த நாலு எழுத்தே பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

இத்தாரிடம் பாடம் கேட்டவர்தான் எத்வார் செகின். 1837-இல் ஒரே ஒரு பையனோடு தொடங்கினார். பிறகு பிசெத்ர் மருத்துவமனையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். ‘இடியட்’ என்பது அன்று வசவு அல்ல, மருத்துவச் சொல். அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பதுதான் பொதுக்கருத்து. செகின் எதிர்த் திசையில் போனார். முதலில் தசை, பிறகு தொடுதல், பார்வை, அப்புறம்தான் எழுத்து. கை கற்றுக்கொண்டால் மனம் பின்னால் வரும். அதற்கான கருவிகளில் ஒன்றுதான் நம்ம பலகை. 1846-இல் தன் முறையைப் பெரிய புத்தகமாக எழுதினார். பிறகு அமெரிக்காவில் குடியேறி, 1880-இல் நியூயார்க்கில் இறந்தார்.

அந்தப் புத்தகத்தை ரோமில் ஓர் இளம் பெண் மருத்துவர் படித்தார். மரியா மாண்டிசோரி. படித்தார் என்பது போதாது. இத்தாரையும் செகினையும் இத்தாலியனில் மொழிபெயர்த்துத் தன் கையாலேயே முழுக்க எழுதினார். செகின் மட்டும் அறுநூறு பக்கம். 1900-இல் ரோமில் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியின் இணை இயக்குநர் ஆனார். அங்கே சில பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வில் தேறினார்கள். எல்லாரும் ஆச்சரியப்பட்டபோது அவர் கேட்டது வேறு: இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், நல்லா இருக்கிற பிள்ளைகளை உங்கள் பள்ளி எப்படி வைத்திருக்கிறது?

1907 ஜனவரி 6-ஆம் தேதி, சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரில் கிறுக்குகிறார்கள் என்பது கட்டடக்காரர்களின் கவலை. வந்தவை அதே பொருள்கள், கொஞ்சம் திருத்தத்தோடு. பழைய பள்ளியில் மரத்தில் இழைத்த எழுத்துகள் இருந்தன. இங்கே உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். இன்று உலகம் முழுக்க மாண்டிசோரியின் அடையாளமாக இருப்பது அந்த உப்புத்தாள் எழுத்து.

பலகையின் இன்னொரு வாழ்க்கை அமெரிக்காவில் தொடங்கியது. 1910-களில் நியூஜெர்சியில் ஹென்றி காடர்டும் அவர் காலத்தவரும் அதை நேரம் பார்க்கும் சோதனையாக்கினார்கள். சோதனை என்று ஆனபிறகு வீட்டில் பழக்கக் கூடாது, பழக்கினால் எண் பொய்யாகிவிடும். பழக்குவதற்கென்றே செய்த பொருள் சார் அது!

மதிப்பீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, பஸ் பாஸும் இல்லை. உறுத்துவது பங்கீடுதான். விளையாட்டு ஒரு பக்கம் போயிற்று, கடிகாரம் மறுபக்கம். யாருக்காகப் பலகை செய்யப்பட்டதோ அவர்களுக்குக் கிடைத்தது கடிகாரம்.

மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் நடந்த வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். போர் வந்து, எதிரி நாட்டுக்காரர் என்று 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது; நடுவில் கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார். இன்று தெருவுக்குத் தெரு அவர் பேரில் ஒரு போர்டு. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பேச்சு வராத மூன்றரை வயதுப் பையனோடு அப்படி ஒரு பள்ளிக்குப் போனது. “ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க சார், எங்க மெத்தட் இவனுக்கு செட் ஆகாது” என்றார்கள். யாருடைய மெத்தட்!

ஒன்றாக உட்கார வைக்க முடியாதா என்றால், வைத்துக் காட்டியிருக்கிறார்கள். முனிச்சில் தியோடர் ஹெல்ப்ரூகே என்ற குழந்தை மருத்துவர் 1968-இல் தொடங்கிய மையத்தை ஒட்டி, குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே மாண்டிசோரி வகுப்பில் படித்தார்கள். வயது வாரியாகப் பிரிக்காத, அவரவர் வேகத்தில் போகிற வகுப்பு என்பதால் இது புதுசாகச் சேர்த்த சலுகை இல்லை; அமைப்பிலேயே இருக்கிறது.

நம் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வரை. ஆறுக்குக் கீழே, அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் ஒரு பிரிவு இருக்கிறது. செய்ய வேண்டும் என்று இல்லை, செய்யலாம். சான் லொரென்சோவில் அந்த இல்லம் சேர்த்துக்கொண்டது மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளை.