பிள்ளைகள் வார்க்கும் மெழுகுதிரி

நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் மாலையில் திண்டுக்கல் வட்டாரத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரியவர்கள் செபித்துக் கொண்டிருப்பார்கள். சிறுவர்களோ வழிந்து உறைந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக் கொண்டிருப்பார்கள். நாம் அவர்களை அதட்டியே பழகிவிட்டோம். ஆனால் கடைத்திரி மலிந்துவிட்ட காலத்தில், வீட்டில் திரி வார்க்கும் கைவேலையை விட்டுவிடாதவர்கள் இந்தப் பொடியர்கள்தாம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் முன்னோர் ஏற்றியது எண்ணெய் விளக்கு. இலுப்பை எண்ணெயும் ஆமணக்கு எண்ணெயும் அகலில் எரிந்தன. மெழுகு அவர்களுக்குப் புதியதன்று. உலோகச் சிலை வார்க்கும் சிற்பிகள் முதலில் மெழுகிலேயே உருச் செய்தனர். பழனி மலைப் பளியர்கள் தேனடை எடுப்பதில் வல்லவர்கள். ஆனால் மெழுகைத் திரியாக்கி ஏற்றும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியது பெரும்பாலும் கோவில் வழியாகத்தான்.

திண்டுக்கல் புனித சூசையப்பர் ஆலயம் எழும்பியது 1866க்கும் 1872க்கும் இடையே. அதற்கு முன்பே, 1850இல், ஜேம்ஸ் யங் என்பவர் பாரஃபின் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மலிவு மெழுகு வந்தும் உரோமை அசையவில்லை. பாஸ்கா திரியும் பூசைக்குரிய இரண்டு திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகாகவே இருக்க வேண்டுமென 1904இல் கட்டளையிட்டது. பின்னர் 1951இல் 12ஆம் பத்திநாதர் பெரிய சனிச் சடங்கை மீண்டும் இரவுக்கு மாற்றி, மக்களும் திரி ஏந்த வழி செய்தார். ஆளுக்கொரு திரி என்பது மலிவு மெழுகு இல்லாமல் நடந்திருக்குமா?

பிள்ளைகளுக்குத் திரியைக் காட்டிப் பாடம் சொன்ன பெரியவரும் உண்டு. 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, இலண்டனில் சிறுவர் முன்னே ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார்.

இனி நம் வீட்டு வேலைக்கு வருவோம். அச்சுக்குப் பப்பாளி இலைக் காம்பு போதும். உள்ளே குழலாக இருக்கும். ஒரு முனையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். நூலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நூற்பாலைகள் சூழ்ந்த ஊராயிற்றே! பருத்தி நூலை மூன்று பிரியாகச் சடை பின்னுவது சிறுமிகளுக்குக் கைவந்த கலை. 1825இல் பிரான்சில் கம்பாசெரே கண்டறிந்ததும் இந்தச் சடைத் திரியையே. அது எரியும்போது நுனி வளைந்து, சுடரின் ஓரத்தில் தானே சாம்பலாகும். அதற்கு முன் கத்தரி கொண்டு கரியை நறுக்க வேண்டியிருந்தது.

மெழுகு டப்பாவை நேராக அடுப்பில் வைக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்த வேண்டும். நீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகுக்கோ 60 டிகிரி சுமாரே போதும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூட வேண்டும். ஊற்றுவது பெரியவர் வேலை. நூலை நடுவில் நிறுத்திப் பிடிப்பது பிள்ளைகளுடையது. ஆறும்போது மெழுகு சுருங்கி நூலைச் சுற்றிக் குழி விழும். அதை மறுபடி நிரப்ப வேண்டும். மறுநாள் காம்பை உரித்து, அடியைக் கத்தியால் சமன் செய்தால் திரி நிற்கும்.