கார்பமசெபைனும் ‘அரிது’ என்ற சொல்லும்

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதிவரும் மலிவான மாத்திரை கார்பமசெபைன். அதனால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாவது ‘அரிது’ என்பார்கள். எந்த மக்களை எண்ணிப் பார்த்து அந்தச் சொல்லை எழுதினார்கள் என்பதே என் கேள்வி. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில், இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்கு இந்நோய் வருகிறது. ஆசிய நாடுகள் சிலவற்றில் ஆபத்து ஏறத்தாழ 10 மடங்கு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது 2007 டிசம்பரில்தான். அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்ததோ 1968இல். இடைப்பட்ட 39 ஆண்டுகளும் ஒரு மக்கள்திரளின் சராசரியே எல்லோருக்கும் பொதுவான கணக்காக நின்றது.

நோய் புதிதன்று. 1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். பிறகு மார்பிலும் முகத்திலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் வரும். உதடு வெடித்துக் கறுத்த பொருக்குக் கட்டும். நன்றாக இருப்பதுபோல் தெரியும் தோலில் விரலை வைத்து லேசாகத் தள்ளினால், மேல்தோல் நனைந்த காகிதம்போல் வழுக்கிச் சுருளும். அடியில் சிவந்த தோல் கசிந்துகொண்டிருக்கும். உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் உரிந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் சிண்ட்ரோம். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கு வேறு பெயர். அந்த நிலையில் பத்தில் மூவர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண் பழுதாகிறது.

2004இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு திகைக்க வைத்தது. கார்பமசெபைனால் இந்நோய் கண்ட ஹான் சீனர் 44 பேரிலும், ஒருவர் விடாமல், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வடிவம் இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. 2011இல் வெளியான ஆய்வில், அதே நாட்டில் 4,877 பேரைச் சோதித்து, அவ்வடிவம் உள்ள 7.7 விழுக்காட்டினருக்கு கார்பமசெபைனைத் தவிர்த்தார்கள். பழைய கணக்கின்படி ஏறத்தாழ பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய் ஒருவருக்கும் வரவில்லை.

அப்படியானால் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டால் போதாதா? போதாது என்பதற்கு ஹாங்காங்கே சான்று. அங்கே 2008 அக்டோபரில் கார்பமசெபைனுக்கு முன் சோதனை என்ற விதி வந்தது. அம்மருந்தால் வரும் நோய் நின்றது. ஆனால் வலிப்பு மருந்துகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த நோய் குறைந்திருக்கவில்லை. விதி வந்தபின் மருத்துவர்கள் கார்பமசெபைனை எழுதுவது குறைந்து, சோதனை கேட்காத பெனிட்டாயின் போன்றவற்றை எழுதுவது கூடியது. பெனிட்டாயினால் வரும் நோயும் கூடியது. மருத்துவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வலிப்பு வந்து எதிரே கிடப்பவர் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. ஒரு மருந்தின் பெயருக்கு விதி போட்டு, நோய்க்கு விதி போட்டதாக நம்பியதுதான் பிழை.

தமிழர்களுக்கு இது அயலார் கதையன்று. பெரும்பாலும் தமிழ் வழியினரான மலேசிய இந்தியர்களிடமும் இதே மரபணு வடிவத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ஆனால் தைவானில் கண்ட நூற்றுக்கு நூறு எல்லா மக்களுக்கும் பொருந்தாது. இவ்வடிவம் இல்லாதவருக்கும் நோய் வந்திருக்கிறது. ஆகவே சோதனை வேண்டும், வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். ‘இல்லை’ என்று வந்த முடிவை அபயச் சீட்டாக எண்ணக் கூடாது என்பதே என் வாதம்.

சோதனை விட்ட இடத்தை நிரப்ப வேண்டியது காலக் கணக்கு. கார்பமசெபைனால் வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் வந்துவிடுகிறது. உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில், ஒரு நாள் முன்னதாக நிறுத்தினாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதாக 2000இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சலும் கொப்புளமும் கண்டதும் அம்மை என்று எண்ணி, வேப்பிலை செருகி, ஆளைத் தனியே படுக்கவைக்கும் வீட்டில் வலிப்பு மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். அங்கே இழக்கும் ஒவ்வொரு நாளும் பெரிது. எனவே மாத்திரை எழுதும் அன்றே சீட்டில் தமிழில் இருக்க வேண்டியது இது: “இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலுடன் வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் தடிப்பு எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.”

பிழைத்து வீடு திரும்புபவர் கையில் கொடுக்கும் அட்டையிலும் கார்பமசெபைன் என்ற ஒரு பெயர் போதாது. பெனிட்டாயினும் பெனோபார்பிட்டோனும் வேதியமைப்பில் அதற்கு நெருங்கிய உறவு. ஒன்றுக்கு எதிர்த்த உடல் மற்றதற்கும் எதிர்க்கலாம். அடுத்த வலிப்பு நள்ளிரவில் வேறோர் ஊரில் வந்தால், அங்கிருக்கும் டூட்டி டாக்டர் கை பெனிட்டாயின் ஊசிக்குப் போகலாம்.