ஈட்டி மரமும் லண்டன் மேசையும்

ஈட்டி மரத்தைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். 19ஆம் நூற்றாண்டில் இது மலபார் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அங்கே ‘ரோஸ்வுட்’ மேசை நாற்காலியானது. பிரேசில் ரோஸ்வுட்டும் போட்டிக்கு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அன்று லண்டனில் செய்த எழுதுமேசைகளில் பல பிரெஞ்சு வேஷம் போட்டவை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1793 ஆகஸ்டில் தொடங்கி சுமார் ஓராண்டு வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் ஏலம் போயின. 17,000க்கும் மேற்பட்ட ஏலத் தொகுதிகள்! பிரபுக்கள் வீட்டுப் பொருள்களும் கடல் தாண்டி வந்தன. பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னரானவரே பெரிய வாடிக்கையாளர். மன்னர் வாங்கினால் பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அசல் போதாமல், அதே பாணியில் லண்டனிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

இவற்றின் அழகு மேற்பரப்பில் இருக்கிறது. பல நிற மரங்களை மெல்லிய தகடாக அறுத்து, அடுக்கி, படம் வரைந்த காகிதத்தை மேலே ஒட்டி, நூல் போன்ற ரம்பத்தால் பூவும் இலையுமாக வெட்டுவார்கள். இலைக்கு நிழல் வேண்டுமென்றால் அந்தத் துண்டின் ஓரத்தைச் சூடான மணலில் செருகிக் கருக வைப்பார்கள். பிறகு துண்டுகளை ஒன்றாகப் பொருத்தி, வஜ்ரம் காய்ச்சிப் பலகைமேல் ஒட்டுவது. நம் ஆசாரிமார் அறிந்த அதே வஜ்ரம்தான்.

எட்வர்டு ஹோம்ஸ் பால்டாக் (1777–1845) என்ற லண்டன் வியாபாரி பழைய பிரெஞ்சுச் சாமான்களை விற்றார், மாற்றியமைத்தார், புதிதாகவும் செய்வித்தார். சிலவற்றில் ‘ஈ.எச்.பி.’ முத்திரை உண்டு. இவற்றைப் போலி என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை; கைவேலை அசல்தானே. அன்றைய சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்திலும் ஆங்கிலேய வடிவ மேசைகளில் நம்மவர்கள் தந்தம் பதித்தார்கள்.

நம்மில் சிலர் வீட்டிலும் தாத்தா காலத்து மேசை இருக்கலாம். மேலே பூவேலை இருந்தால் ‘பாலீஷ் போடுகிறேன்’ என்று மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். மேல்தகடு மிக மெல்லியது. தேய்ந்து அடிப்பலகை தெரிந்தால் மீட்க முடியாது. ஈரத்துணியும் வேண்டாம், ஒட்டு இளகும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.