மீக்கடத்தி: விடை கிடைத்த பிறகும் முடியாத கேள்வி

பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் மின்சாரமாகிறது. அதே திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் இன்று 1000 மெகாவாட் உலைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டு இடத்திலிருந்தும் கிளம்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு, வழியிலேயே கம்பியைச் சூடாக்கி வீணாகிறது. காரணம் மின்தடை. மின்தடையே இல்லாத பொருள் கிடையாதா என்றால், உண்டு! 1911-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு ஏன் நம் ஊர் டவர் லைனில் அது இல்லை? அதற்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது நண்பர்களே.

1908-ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தார்கள். 4.2 கெல்வினில் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) மின்தடை காணாமல் போனது. 1933-ல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் இன்னொன்றைக் கண்டார்கள்: மீக்கடத்தி தனக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஆக, இது வெறும் நல்ல கடத்தி அல்ல, பொருளின் தனி நிலை.

காரணம் தெரிய 46 வருடம் ஆனது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்ன விளக்கம்தான் பி.சி.எஸ். கொள்கை. ஓர் எலக்ட்ரான் உலோகத்துக்குள் ஓடும்போது, சுற்றியுள்ள நேர்மின் அயனிகள் அதன் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. அவை பழைய இடத்துக்குத் திரும்புமுன், அங்கே கூடியிருக்கும் நேர்மின்னூட்டம் இன்னொரு எலக்ட்ரானை இழுக்கிறது. ஒன்றையொன்று விலக்க வேண்டிய எலக்ட்ரான்கள் இப்படி ஜோடி சேர்கின்றன. கனமான ஐசோடோப்பில் அயனிகள் மெதுவாக அதிரும், மாறுநிலை வெப்பநிலையும் குறையும். பாதரசத்தில் இதை 1950-லேயே அளந்திருந்தார்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரத வீதிக் கூட்டத்தில் தனியாகப் போகிறவர் நாலு பேர் மேல் இடிக்காமல் போக முடியாது. அது சாதாரணக் கம்பி. ஆனால் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே திசையில் ஒரே அசைவாகப் போகிறார்கள். ஒருவர் கால் இடறினாலும் தேர் நிற்பதில்லை. எல்லா ஜோடிகளும் ஒரே குவாண்டம் நிலையில் ஓடுவது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு ஜோடியைப் பிரிக்கக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். கடுங்குளிரில் அந்த ஆற்றல் கிடைப்பதில்லை, அதனால் தடையும் இல்லை. (உவமை இவ்வளவுதான் தாங்கும். வடத்தை மனிதர்கள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மீக்கடத்தி வளையத்தில் மின்னோட்டம் இழுப்பார் இல்லாமலே சுற்றும்.)

மூவருக்கும் 1972-ல் நோபல் கிடைத்தது. கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். முடியவில்லை.

1986-ல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் ஒரு தாமிர ஆக்சைடு பீங்கானில் 35 கெல்வின் அளவில் மீக்கடத்தலைக் கண்டார்கள். 1987-ல் வேறொரு தாமிர ஆக்சைடில் அது 93 கெல்வினுக்குத் தாவியது. 77 கெல்வினில் கொதிக்கும் மலிவான திரவ நைட்ரஜனே போதும்! வேடிக்கை என்னவென்றால், இவற்றின் தாய்ப்பொருள் மின்சாரத்தையே கடத்தாது. அயனிகளின் அதிர்வை மட்டும் வைத்து இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையை விளக்க முடியவில்லை.

இங்கேதான் தமிழர் ஒருவர் வருகிறார். 1987 ஜனவரியில் பெங்களூர் மாநாட்டில் பிலிப் ஆண்டர்சன் ஒரு புதிய யோசனையை முன்வைத்தார். அப்போது பிரின்ஸ்டனில் அவருடன் இருந்தவர் ஜி. பாஸ்கரன். பிறகு சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். பாஸ்கரன், ஸௌ, ஆண்டர்சன் மூவரும் அதே ஆண்டு அந்த யோசனைக்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். பென்சீன் வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்று கெமிஸ்ட்ரியில் படித்தோமே, அதுபோல தாமிர அணுக்களின் எலக்ட்ரான்கள் அக்கம்பக்கத்தோடு ஜோடி மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கொஞ்சம் எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஜோடிகள் ஓடத் தொடங்கும். ஒட்டவைக்க அயனிகளின் தயவு தேவையில்லை.

அழகான யோசனை. ஆனாலும் முழு வெற்றி இல்லை. தாய்ப்பொருளில் காந்தச் சுழல்கள் மேலும் கீழுமாக வரிசை கட்டி உறைந்திருப்பதைச் சோதனைகள் காட்டின. மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே மின்தடை நேர்கோடாக ஏறுவதற்கும் இன்றுவரை எல்லோரும் ஏற்ற விளக்கம் கிடையாது.

பி.சி.எஸ். தோற்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2015-ல் ஹைட்ரஜன் சல்பைடு 203 கெல்வினில் மீக்கடத்தியானது. அதை விளக்குவது பழைய அயனி அதிர்வுதான். ஆனால் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல் சுமார் 15 லட்சம் மடங்கு! 2023-ல் சாதாரண அறையிலேயே வேலை செய்யும் என்று கொரியாவிலிருந்து வந்த எல்.கே.-99, மற்ற ஆய்வகங்களின் சோதனையில் நிற்கவில்லை.

டவர் லைன் கேள்விக்கு வருவோம். பீங்கான் நொறுங்கும், அதை நாடாவாக்கி வழி முழுக்கக் குளிரூட்ட வேண்டும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் ஓட்டியதே ஒரு கிலோமீட்டர் கேபிள்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்களில் பெரும்பாலும் இன்றும் ஹீலியக் குளிரில் உள்ள நயோபியம்-டைட்டானியம் கம்பிதான்.

பரீட்சையில் மீக்கடத்தலை விளக்கச் சொன்னால் பி.சி.எஸ். எழுதுங்கள், மார்க் வரும். பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் அது சரியான விடை. தாமிர ஆக்சைடுக்கு விடை எழுத வேண்டிய பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நிரப்பப் போகிறவர் இன்று ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அது பாளையங்கோட்டையாகவும் இருக்கலாம்!